ரெண்டு கோர்ட்டிலும் தோற்றாச்சு, ஹைகோர்ட் எதைத் தொடும், எதைத் தொடாது?

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டிலிருந்து கடற்கரைக்கு வலை, ஐஸ் பெட்டி தூக்கிப் போக, பக்கத்துத் தென்னந்தோப்பு ஓரமாக அப்பா காலத்துப் பாதை இருக்கிறது. தோப்பைப் புதிதாக வாங்கியவர் அடைக்கப் பார்க்கிறார். முன்சீப் கோர்ட்டில் என் வழக்கு தள்ளுபடி, சப் கோர்ட்டில் அப்பீலும் தள்ளுபடி. எதிராளியின் சாட்சி கூண்டில் ஏறிச் சொன்னது அத்தனையும் பொய். ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனால் முதலிலிருந்து விசாரிக்க உத்தரவு வாங்க முடியுமா?"

இந்தக் காரணத்தை மட்டும் வைத்து முடியாது. சாட்சி பொய் சொன்னார் என்பதை மதுரைக் கிளை இருக்கும் ஒத்தக்கடை வரை தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அப்பீலை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கும் அனுமதி விசாரணையிலேயே மனு விழுந்துவிடும். சாட்சியத்தை மறுபடி எடைபோட சப் கோர்ட்டுக்கு முழு அதிகாரம் இருந்தது, அந்த வாய்ப்பு அங்கேயே முடிந்தது. இரண்டாம் அப்பீல் என்பது சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவில் வருவது, அதில் முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தால்தான் ஹைகோர்ட் கையே வைக்கும். கீழ்க்கோர்ட் உண்மை விவரத்தில் எவ்வளவு மோசமாகத் தவறியிருந்தாலும் அதற்காக மட்டும் இரண்டாம் அப்பீல் கிடையாது என்று, அன்றைக்கு இந்தியாவுக்கு மேல்கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1890-லேயே சொல்லிவிட்டது, 1976 திருத்தம் இந்த வாசலை இன்னும் குறுக்கியது.

சரி, உங்களுக்கு வழியே இல்லையா? எதிராளியின் கிரையப் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்தில் நான்கு எல்லையையும் நிதானமாகப் படியுங்கள். "மேற்கே ஆறடி நடைபாதை" என்றோ, "நடைபாதை நீங்கலாக" என்றோ இருந்து, அந்தப் பத்திரம் வழக்கில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டும் இரண்டு கோர்ட்டும் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்றால் கதை மாறும். முக்கிய ஆவணத்தைப் பார்க்காமல் விட்டதும் சரி, உரிமை தரும் பத்திரத்துக்குத் தப்பான பொருள் கொண்டதும் சரி, சட்டப் பிரச்சினைதான். இடத்தைப் பார்த்து எழுதக் கோர்ட் அனுப்பிய கமிஷனரின் அறிக்கையும் அப்படியே. சீமைக்கருவேல் வெட்டிய அடிக்கட்டைகளுக்கு நடுவில் தேய்ந்த தடம் இருந்ததாக அவர் எழுதி, தீர்ப்பில் அந்த அறிக்கையே பேசப்படவில்லை என்றால் அதையும் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அறிக்கையைப் படித்துப் பார்த்து, 'பாதையை 20 வருடம் பயன்படுத்தியதை நிரூபிக்க இது போதாது' என்று காரணம் எழுதி ஒதுக்கியிருந்தால், அந்தக் காரணம் உங்களுக்கு எவ்வளவு அநியாயமாகப் பட்டாலும் அதைப் புரட்டுவது ரொம்பக் கஷ்டம்.

பரணிலிருந்து இப்போது கிடைத்த பழைய போட்டோவைக் கொடுக்கலாமா என்றும் கேட்பீர்கள். முயன்றும் அப்போது கிடைக்கவில்லை என்று காட்டினால் ஒழிய எடுக்கமாட்டார்கள்.

அரசியல் சட்டம் 227-ன் கீழ் ஒரு மனு போட்டால் வேலை ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கீழ்க்கோர்ட் தன் அதிகார எல்லையைத் தாண்டுகிறதா என்று கண்காணிக்கும் அதிகாரம் அது, அப்பீல் வழி இருக்கும்போது அதைச் சுற்றிப் போகும் குறுக்குப்பாதை அல்ல. மறுவிசாரணையும் லேசில் கிடைக்காது. பதிவிலேயே போதுமான சாட்சியம் இருந்தால், விடுபட்ட விஷயத்தை 103-ஆம் பிரிவில் ஹைகோர்ட்டே தீர்மானித்துவிடலாம். திருப்பி அனுப்பினாலும், முன்சீப் இன்னாருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பமாட்டார்கள், இன்ன விஷயத்தைப் பார்க்காமல் விட்டீர்கள், பாருங்கள் என்பதோடு சரி.

இப்போது செய்யவேண்டியது, சப் கோர்ட் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு இன்றைக்கே மனுப் போடுவது. தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாள் கெடு, நகல் தயாராக ஆகும் நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், ஆனால் நீங்கள் மனுப் போடாமல் சும்மா இருந்த நாட்களைச் சேர்ப்பார்கள். அப்புறம், அப்பீல் போட்டதுமே எல்லாம் நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் வழக்கு தள்ளுபடியானது, அதில் நிறுத்திவைக்க ஒன்றுமே இல்லை. எதிராளி முள்வேலி போடாமல் இருக்க, அப்பீலோடு சேர்த்து இடைக்காலத் தடை உத்தரவு கேட்டுத் தனி மனு போடச் சொல்லுங்கள்.