காலை 6 மணிக்கே 300 கலோரி செலவானது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 48. உயரம் 156 செ.மீ., எடை 68 கிலோ. பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன் ஃபிட்னஸ் வாட்ச் ஒன்று வாங்கித் தந்தான். தினமும் சராசரியாக 1,850 கலோரி செலவாகிறது என்று அது காட்டுகிறது. சாப்பிடுவதை எல்லாம் செல்போன் ஆப்பில் எழுதி வைக்கிறேன். 1,500 கலோரிதான் வருகிறது. ஆனால் இரண்டு மாதத்தில் அரை கிலோதான் குறைந்திருக்கிறது. காலையில் எழுந்து பல் துலக்கும்போதே 300 கலோரி செலவு என்று காட்டுகிறது. வாட்ச் பழுதா? சாயங்காலம் 40 நிமிடம் நடந்தால் 220 கலோரி என்கிறது. உடனே ஆப், 'இன்னும் 220 சாப்பிடலாம்' என்கிறது. சாப்பிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வாட்ச் பழுதில்லை, அம்மா. நீங்கள் தூங்கும்போதும் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. இதற்கெல்லாம் கலோரி வேண்டும். உங்கள் வயது, உயரம், எடையை வைத்து மிஃப்லின் - செயின்ட் ஜோர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். படுத்தே இருந்தால்கூட ஒரு நாளைக்குச் சுமார் 1,250 கலோரி செலவாகும். மணிக்கு 52. வாட்ச் நள்ளிரவு 12 மணியிலிருந்து கணக்கை ஆரம்பிக்கும். 6 மணிக்கு 300 வந்துவிடும். சரியாகத்தான் காட்டுகிறது.

இப்போது அந்த 220. இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. நடந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக் கூடிய 40 சொச்சம் கலோரியும் இதற்குள் இருக்கும். உங்கள் எடைக்கு, சாதாரண வேகத்தில் 40 நிமிடம் நடந்தால் மொத்தமே 150 அளவுதான் வரும் என்பது என் கணக்கு. உட்கார்ந்திருக்கும் செலவைக் கழித்தால், நடையால் கூடுதலாகப் போனது 100 கலோரி. அப்புறம், அந்த நடை ஏற்கெனவே 1,850க்குள் சேர்ந்துவிட்டது. அதைத் தனியாக எடுத்து மறுபடியும் சாப்பாட்டில் கூட்டினால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகிவிடும். ஆப்பின் அமைப்புகளில் உடற்பயிற்சிக் கலோரியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கும் வசதி இருந்தால், அதை அணைத்துவிடுங்கள்.

வாட்ச் கலோரியை அளப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நாடித் துடிப்பையும் கை அசைவையும் பார்த்து, நீங்கள் பதிந்து வைத்த வயது, எடையோடு சேர்த்து மதிப்பிடுகிறது. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். நாடித் துடிப்பை ஆறு கருவிகள் நன்றாகவே காட்டின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன, ஆனாலும் அவை போடுவது மதிப்பீடுதான். மாவு பிசையும்போது கை ஆடுவதைக்கூட அடியாக எண்ணிவிடும். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எண்ணாமல் விட்டுவிடும்.

ஆனால் உங்களிடம் இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. அது உங்கள் எடைதான். ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினம் 350 வீதம் 60 நாளைக்கு 21,000. வாட்ச்சும் ஆப்பும் சொல்வது உண்மையானால் இரண்டரை கிலோவுக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது அரை கிலோ. அப்படியானால் உண்மையான பற்றாக்குறை நாளைக்கு 65 கலோரி அளவுதான். மீதி 285 எங்கே போனது? கொஞ்சம் வாட்ச் கூட்டிச் சொன்னது. மற்றது, என் அனுபவத்தில், எண்ணெயில் இருக்கும்.

உங்களைப் போலவே கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், வீட்டில் எண்ணெய்ப் பாத்திரத்தில் போட்டிருக்கும் ஸ்பூனைக் கொண்டுவரச் சொன்னேன். மருந்து மூடியால் அளந்து பார்த்தோம். ஒரு ஸ்பூனுக்கு 12 மில்லி பிடித்தது. அவர் எழுதியிருந்ததோ 'எண்ணெய் 1 ஸ்பூன்'. ஆப் அதை 5 மில்லி என்று எடுத்துக்கொண்டு 40 கலோரி போட்டிருந்தது. உண்மையில் அது 100. தோசைக்கு ஒன்று, தாளிக்க ஒன்று, இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் ஒன்று என்று மூன்று முறை ஊற்றினால் 180 கலோரி கணக்கில் வராமலே வயிற்றுக்குள் போய்விடும். அந்தப் பெண் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு ஸ்பூனையும் மனசாட்சியோடு எழுதியிருந்தார். அப்படியும் எடை இறங்கவில்லையே என்றுதான் அழுதார். இப்படி உண்மையாக முயற்சி செய்பவர்களை 'வாயைக் கட்டவில்லை' என்று வீட்டில் சொல்லும்போது எனக்குக் கோபமே வரும்.

ஸ்பூனை அளக்க முடியாவிட்டால் மாதக் கணக்கு போடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 8,200 கலோரி. வீட்டில் மூன்று பேர், மாதம் மூன்று லிட்டர் தீர்கிறது என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. உங்கள் ஆப்பில் அவ்வளவு எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எடையை வாரத்தில் மூன்று நாள், காலையில் கழிவறை போய் வந்ததும், எதுவும் சாப்பிடாமல் பாருங்கள். மூன்றின் சராசரியை எழுதி வையுங்கள். உப்பு கூடிய மறுநாள் ஒரு கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம், அது தண்ணீர். நான்கு வாரச் சராசரி இறங்கவில்லை என்றால் எண்ணெயிலும் சாதத்திலுமாக 200 கலோரி குறையுங்கள். எடை இறங்கவில்லையே என்று 1,200க்கும் கீழே போகாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், உணவைக் குறைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சிலவற்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

வாட்ச்சைக் கழற்ற வேண்டாம். போன வாரத்தைவிட இந்த வாரம் அதிகம் நடந்தீர்களா என்று பார்க்க அது நல்ல துணை. நடந்துவிட்டு வந்து பசித்தால் இரண்டு இட்லி தாராளமாகச் சாப்பிடுங்கள். அதை இரவுச் சாப்பாட்டின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பொடிக்கு ஊற்றும் எண்ணெயை மட்டும் இந்த ஒரு வாரம் அளந்து ஊற்றி, எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.