சம்பளமும் மதிப்பெண்ணும் – கடிதம்

வணக்கம்.

என் மகளுக்குக் கணக்கு எடுப்பவர் நிரந்தர ஆசிரியர், நல்ல சம்பளம். வருகிறார், கணக்கைப் பலகையில் போடுகிறார், எழுதிக்கொள்ளச் சொல்கிறார், மணி அடித்ததும் போய்விடுகிறார். அதே பள்ளியில் அவர் வாங்குவதில் கால்வாசிகூட வாங்காத ஒப்பந்த ஆசிரியை ஒருவர், பிள்ளைகளுக்குப் புரியும்வரை விடுவதில்லை. பிள்ளைகள் எடுக்கும் மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் நியாயமானது. சம்பளத்தைக் கூட்டினால் பாடம் தானாக மேம்பட்டுவிடாது. இந்தோனேசியாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே 2005இல் வந்த ஆசிரியர் சட்டம், தகுதிச் சான்று பெற்றவர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கியது. ஆய்வாளர்கள் 360 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு மட்டும் இந்த உயர்வு முன்னதாகவே கிடைக்கச் செய்தார்கள். ஆசிரியர்களின் பணக்கஷ்டம் குறைந்தது, வெளியே இன்னொரு வேலை பார்ப்பதும் குறைந்தது. பிள்ளைகளின் கற்றலில் மட்டும் மூன்று ஆண்டுகள் கழித்தும் வித்தியாசம் இல்லை.

ஆனால் அது ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை வைத்து நடந்த சோதனை. நல்ல சம்பளம் என்றால் படிப்பில் கெட்டிக்காரரான ஓர் இளைஞர் இந்த வேலைக்கு வருவாரா, வந்தவர் பத்து வருடம் நிலைப்பாரா என்பதை இரண்டு மூன்று ஆண்டுகளில் அளக்க முடியாது. சம்பளத்தின் முக்கியமான வேலையே அங்கேதான் என்று நினைக்கிறேன்.

சரி, மதிப்பெண்ணுக்கு ஏற்ற சம்பளம். இங்கிலாந்து 1862இல் இதைச் செய்தது. பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையாகச் சோதிப்பார். தேறிய பிள்ளைகளைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம். விளைவு, வாசிப்புப் புத்தகத்தையே பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், தேர்வில் வராத பாடங்கள் ஒதுங்கின. முப்பது ஆண்டுகள் இழுத்தடித்து 1890களில்தான் கைவிட்டார்கள். ஆந்திரத்தில் பின்னாளில் நடந்த ஆய்வில் ஊக்கத்தொகை பலன் தந்தது உண்மை. ஆனால் அது வழக்கமான சம்பளத்துக்கு மேல், சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீத அளவில் கொடுத்தது. சம்பளத்தையே மதிப்பெண்ணோடு கட்டிப்போடவில்லை.

ஒரு பிள்ளை, அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறது என்று வையுங்கள். ஓர் ஆசிரியர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பார். இன்னொருவர் பிள்ளையைக் கூப்பிட்டு, “உன் விடை அரையைவிடப் பெரிசா, சின்னதா?” என்று கேட்பார். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்று அந்தப் பிள்ளையே திகைத்து நிற்கும். அப்புறம்தான் பாடம் தொடங்குகிறது. இந்த ஐந்து நிமிடத்தின் பலன் அந்த வருடத் தேர்வில் தெரியாமல்கூடப் போகலாம். அடுத்த வருடம் வேறோர் ஆசிரியரின் வகுப்பில் தெரியும். அப்போது அந்த மதிப்பெண்ணுக்கான தொகையை யாருக்குக் கொடுப்பீர்கள்?

உங்கள் மகளின் ஆசிரியரைச் சம்பளத்தைக் குறைத்துத் திருத்த முடியாது. பாடம் தெரிந்த ஒருவர் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்து, எங்கே சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் மாறாவிட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும். நிரந்தர வேலை என்பது இதற்குத் தடையாக இருக்கக் கூடாது.

என்னை அதிகம் உறுத்துவது அந்த ஒப்பந்த ஆசிரியையின் நிலைமை. கால்வாசிச் சம்பளத்திலும் நன்றாக நடத்துகிறார் என்பதையே காட்டி, இதுவே போதும் என்று நிர்வாகம் சொல்லிவிடும். வேலை நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையிலும் அவர் உழைத்துக்கொண்டிருக்கலாம். அது தீர்ந்தால் வேறு வேலைக்குப் போய்விடுவார், போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. பெற்றோர் கூட்டத்தில் அந்த ஆசிரியரைப் பற்றிப் புகார் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே கூட்டத்தில், இந்த அம்மாவுக்கு ஏன் இன்னும் முழுச் சம்பளம் கொடுக்கவில்லை என்றும் கேளுங்கள்.