போர்ட்ரெய்ட் எடுக்கும்போது ஆட்களை எப்படி நிற்க வைப்பது?

கேமரா பழகிவிட்டது, ஆனால் எதிரே நிற்பவரை என்ன செய்யச் சொல்வது என்று தெரியவில்லை என்கிறீர்கள். முதலில் நீங்களே கண்ணாடி முன் நின்று பழகுங்கள். எந்த போஸில் இடுப்பு வலிக்கிறது, எதில் கை அந்தரத்தில் தொங்குகிறது என்று உங்கள் உடம்புக்குத் தெரிந்தால்தான் அடுத்தவருக்குச் சொல்ல வரும்.

நேராக நிற்பவரை ஏறக்குறைய 45 டிகிரி திரும்பச் சொல்லி, எடையைப் பின்காலில் போடச் சொல்லுங்கள்; முன்கால் முட்டி தானாகத் தளரும், தோள் ஒன்று லேசாக இறங்கும், விறைப்பு பாதி போய்விடும்.

அப்புறம் தாடை. படம் எடுக்கிறார்கள் என்றதும் பலரும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள், உடனே இரட்டைத் தாடை தெரியும். நெற்றியை கேமராவை நோக்கிக் கொஞ்சம் நீட்டி, தாடையை ஒரு விரல் அளவு இறக்கச் சொல்லுங்கள். செய்பவருக்கு ஆமை மாதிரி அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், படத்தில் தாடைக்கோடு தெளிவாக விழும்.

கைதான் பெரிய தலைவலி. சும்மா விடாதீர்கள், பாக்கெட்டில் விட்டால் கட்டைவிரல் வெளியே இருக்கட்டும், முகத்தருகே வந்தால் புறங்கை தெரியாமல் சுண்டுவிரல் பக்கம் தெரியட்டும், கன்னத்தை அழுத்தக் கூடாது.

வாயால் விளக்குவதைவிட நீங்களே நின்று காட்டுங்கள். சிரிப்பு உறைந்துவிட்டதா, கண்ணை மூடி மூச்சை விட்டுத் திறக்கச் சொல்லி, திறந்த அந்த நொடியில் அமுக்குங்கள்.