‘டக்’ என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை: பழைய வானின் ஸ்டார்ட் கோளாறுகள்

கேள்வி: எங்களிடம் 1994ஆம் ஆண்டு டொல்பின் வான் இருக்கிறது. ஹையேஸ் எல்.எச். 113, 3எல் டீசல் எஞ்சின், மெனுவல் கியர். வெள்ளவத்தையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி ஓடுகிறது. இரண்டு மாதமாகத் திறப்பைத் திருப்பினால் சில வேளை ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும்தான் வருகிறது. நாலைந்து தரம் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போலப் பிடித்துவிடும். காலையில் தொல்லை குறைவு. மத்தியானம் எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் அதிகம். ஒரு கராஜில் பற்றரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். இரண்டு கிழமை நன்றாக இருந்தது. இப்போது இன்னொருவர் ஸ்டார்ட்டர் மோட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஸ்டார்ட்டரை இப்போதைக்கு வாங்காதீர்கள். பற்றரி மாற்றியதும் இரண்டு கிழமை நன்றாக இருந்தது என்பதால் பற்றரிதான் பழுதாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. புதுப் பற்றரி கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கொடுத்திருக்கும். அல்லது மாற்றும்போது கிளாம்பைச் சுரண்டித் துடைத்திருப்பார்கள். வந்து வந்து போகும் கோளாறை அது வரும் நேரத்தில்தான் அளக்க வேண்டும். நன்றாகப் பிடித்துவிட்ட வானைக் கராஜுக்குக் கொண்டுபோனால் அவர்களும் ஊகத்தில்தான் சாமான் மாற்றுவார்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விவரம், சத்தம் வரும் நொடியில் டாஷ்போர்ட் விளக்கு மங்குகிறதா என்பது. ஒரே ஒரு ‘டக்’, விளக்கும் மங்கவில்லை என்றால், சொலினொய்ட் (ஸ்டார்ட்டரோடு இருக்கும் மின்காந்தச் சுவிட்ச்) இழுத்துவிட்டது, ஆனால் அதற்குள் இருக்கும் செப்புத் தொடுமுனை கரன்ட்டைக் கடத்தவில்லை. ‘டக்டக்டக்’ என்று அடித்துக்கொண்டு விளக்கு மங்கினால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை. சத்தமே இல்லாவிட்டால் திறப்புச் சுவிட்ச், ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), சொலினொய்டுக்குப் போகும் மெல்லிய வயர் என்ற பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டோ கியர் வண்டியாக இருந்தால் நியூட்ரல் சுவிட்சும் சேரும். நியூட்ரலில் பிடித்து பார்க்கில் பிடிக்காவிட்டால் அந்தச் சுவிட்ச்தான்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர் போதும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றவர் அளக்க வேண்டும். முதலில் வண்டி ஓய்ந்திருக்கும்போது பற்றரியைப் பாருங்கள்: 12.6 வோல்ட் நிறைந்த நிலை, 12.2 ஏறத்தாழ அரைவாசி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.4 வரை இருந்தால் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்கிறது.

அடுத்தது கேபிள்கள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவின் ஈயக் குமிழிலும், மற்றதை ஸ்டார்ட்டரின் உடம்பிலும் வையுங்கள். கிளாம்பில் வைக்கக்கூடாது, குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையில்தான் பல வேளை கோளாறு. சுற்றும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் (நெகட்டிவ்) பக்கம் பழுது. அதேபோலப் பாசிட்டிவ் குமிழுக்கும் ஸ்டார்ட்டரில் தடித்த கேபிள் ஏறும் போல்ட்டுக்கும் இடையில் 0.5 வரை பொறுக்கலாம். இந்த இரண்டையும் மோட்டர் உண்மையில் சுற்றும்போதுதான் எடுக்க வேண்டும். வெறும் ‘டக்’ வரும்போது பெரிய கரன்ட் ஓடாது. துருப்பிடித்த கேபிள்கூட அப்போது பூச்சியம் காட்டி ஏமாற்றும். எஞ்சின் பிடித்துவிடாமல் சுற்ற வைப்பதற்கு, டீசல் பம்பில் இருக்கும், டீசலை நிறுத்தும் கட்-ஓஃப் சொலினொய்டின் வயரைக் கழற்றி விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். இடையில் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள்.

இவ்வளவு சிறிய எண்களுக்கு ஏன் இத்தனை கவனம் என்று கேட்கலாம். இந்த டீசல் ஸ்டார்ட்டர் 2 கிலோவாட் அளவு. 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போய்விடும். கடலோர மெரைன் டிரைவ் பக்கம் நிற்கும் வண்டியில் அவ்வளவு தடை சுலபமாக வந்துவிடும், உப்புக் காற்று கிளாம்பையும் எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போகும் ஏர்த் பட்டியையும் தின்றுவிடும். சுடுதண்ணீர் ஒரு கோப்பையில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து, பற்றரி மூடிகளுக்குள் இறங்காமல் கழுவுங்கள். பிறகு குமிழை வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, அதன் மேல் கிறீஸ் பூசுங்கள். கிறீஸைப் பூசிவிட்டு இறுக்கக்கூடாது.

இனி, தீர்ப்புச் சொல்லும் அளவு. ‘டக்’ மட்டும் வரும் நேரத்தில், சொலினொய்டின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கும் இடையில் அளந்து பாருங்கள். தொடுமுனை சேர்ந்தால் வோல்டேஜ் பூச்சியத்துக்குக் கிட்ட விழும். சத்தம் வந்த பிறகும் 12 வோல்ட் அப்படியே நின்றால் தொடுமுனை எரிந்துவிட்டது. பூச்சியத்துக்கு விழுந்தும் மோட்டர் சுற்றவில்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டரின் உடம்பில் மெதுவாகத் தட்டினால் அந்த நேரம் சுற்றிவிடும். தட்டுவது பழுதைக் கண்டுபிடிக்க மட்டும். தினமும் தட்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், ஒரு நாள் மழையில் வானுக்கு அடியில் படுக்க வேண்டிவரும்.

எங்கள் ஊகம் தொடுமுனைதான். டென்சோ ரிடக்ஷன் (பற்சக்கரத்தால் வேகத்தைக் குறைக்கும்) ஸ்டார்ட்டர்களில் இது மிகப் பழகிய நோய். உள்ளே இரண்டு செப்புத் துண்டுகள், அவற்றை இணைக்கும் செப்புத் தட்டுடன் ஒரு பிளஞ்சர் (நகரும் தண்டு). பற்றரி பக்கத்துத் துண்டு வேகமாகத் தேயும். பழுதானதை மட்டும் மாற்றினால் தட்டு சரிந்து தொடும். ஆகவே இரண்டையும் சேர்த்து, முடிந்தால் பிளஞ்சரோடு மாற்றுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இவை தனியாகவே கிடைக்கும், முழு ஸ்டார்ட்டரின் விலையில் சிறு பங்குதான். பழைய துண்டைக் கையில் கொண்டுபோங்கள், உயரம் மாறினால் பயனில்லை. கழற்றுவதற்கு முன் பற்றரியின் நெகட்டிவைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அந்தத் தடித்த கேபிளில் எப்போதும் கரன்ட் இருக்கும், பியூஸும் கிடையாது.

மத்தியானம் ஏன் மோசம்? செப்பின் தடை ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் 0.4 வீதமளவு கூடும். 60 பாகை ஏறினால் சொலினொய்ட் கம்பிச் சுருளின் தடை கால்வாசி கூடிவிடும், இழுக்கும் பலம் குறையும். தேய்ந்த தொடுமுனைக்கு அந்தக் கடைசி அழுத்தம்தான் தேவை. இதே காரணத்தால் மெல்லிய வயரையும் பார்த்துவிடுங்கள்: திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது அங்கே 8 வோல்ட்டுக்குக் குறைந்தால் சொலினொய்ட் ஒழுங்காக இழுக்காது. முப்பது வயதுத் திறப்புச் சுவிட்சில் இது சாதாரணம். 30 ஆம்பியர் நான்கு கால் ரிலே ஒன்று போட்டால் போதும். திறப்பிலிருந்து வரும் வயர் 86க்கு, 85 ஏர்த்துக்கு, 30 பியூஸ் வழியாகப் பற்றரிக்கு, 87 சொலினொய்டுக்கு.

ஸ்குறூ டிரைவரால் இரண்டு போல்ட்டையும் முட்டவைத்துப் பார்க்கும் பழக்கம் சில கராஜ்களில் உண்டு. உங்கள் வானில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். பினியன் (ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம்) எஞ்சின் பல்லில் ஏறாமலே மோட்டர் வெறுமனே சுற்றும். அதைப் பார்த்து ‘ஸ்டார்ட்டர் நல்லது’ என்று சொல்வது தவறான முடிவு. தீப்பொறி வேறு.

கேள்வி: என் டீசல் வான் காலையில் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க இருபது விநாடி எடுக்கிறது. பில்டருக்கு மேலே இருக்கும் கைப்பம்பை நாலைந்து தரம் அழுத்தினால் உடனே பிடிக்கிறது. குளோ பிளக் (குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் பிளக்) மாற்றச் சொல்கிறார்கள். — வத்தளை வாசகர்

பதில்: விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். கைப்பம்பு உதவுகிறதென்றால் இரவில் டீசல் தாங்கிக்குத் திரும்பி இறங்குகிறது. எங்கோ காற்றுப் புகுகிறது. டீசல் ஒழுகாத இடத்திலும் காற்று இழுக்கும், அதனால் நிலத்தில் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. பில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு துண்டு தெளிந்த குழாயை மாட்டிப் பாருங்கள், குமிழி ஓடுவது தெரியும். வெடித்த ரப்பர் குழாய்கள், பில்டர் அடியில் இருக்கும் தண்ணீர் சென்சரின் ஓ-ரிங், கைப்பம்பின் உள் டயபிரம் என்ற வரிசையில் தேடுங்கள். குளோ பிளக் நாலில் ஒன்று செத்தாலும் கொழும்பு வெப்பத்தில் வண்டி பெரும்பாலும் பிடித்துவிடும். நுவரெலியாவுக்குப் போகும் காலையில்தான் அது காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ரீகண்டிஷன் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி மூன்று கிழமையில் நின்றுவிட்டது. ‘எலெக்ட்ரிக் சாமான் திருப்பி எடுப்பதில்லை’ என்கிறது கடை. ஒரு மாத உத்தரவாதம் என்று வாயால் சொன்னார்கள். — கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: பில் இருக்கிறதா? கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறையிடலாம். எழுத்து மூலம், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். விசாரிக்க அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் வாய் வார்த்தையை நிரூபிப்பது சிரமம். அடுத்த முறை பில்லிலேயே உத்தரவாத நாட்களையும், ஸ்டார்ட்டர் உடம்பில் இருக்கும் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். கடையிலேயே பற்றரியில் பூட்டிச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பினியன் பற்களைப் பழையதோடு எண்ணிப் பாருங்கள், கிலோவாட்டும் ஒத்திருக்க வேண்டும். புதுப் பெயின்ட் மினுங்குவது நல்ல அறிகுறி அல்ல. கழுவிப் பெயின்ட் அடித்ததையும் ‘ரீகண்டிஷன்’ என்றே விற்கிறார்கள்.

கேள்வி: நாலு நாள் எடுக்காமல் நின்றால் பற்றரி இறங்கிவிடுகிறது. தினமும் ஓடினால் பிரச்சினை இல்லை. — தெஹிவளை வாசகர்

பதில்: ஏதோ ஒன்று நிறுத்திய பிறகும் கரன்ட் குடிக்கிறது. அரை ஆம்பியர் என்றாலே நாளுக்கு 12 ஆம்பியர்-மணி போகும். நாலு நாளில் சாதாரண வான் பற்றரியின் பெரும்பகுதி. எல்லாவற்றையும் நிறுத்தி, கதவுச் சுவிட்சை அழுத்திக் கட்டி, நெகட்டிவைக் கழற்றி, மீற்றரை 10 ஆம்பியர் துளையில் குத்தி, குமிழுக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையில் தொடராக மாட்டுங்கள். அந்த நிலையில் திறப்பைத் திருப்பினால் மீற்றரின் பியூஸ் போய்விடும். அரை மணி பொறுத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதில் எண் சட்டென்று விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் குற்றவாளி. பிற்காலத்தில் பூட்டிய டிவிடி செட், அலாம், ரிவர்ஸ் கமரா ஆகியவற்றின் வயரை முதலில் சந்தேகியுங்கள். எந்த பியூஸிலும் விழாவிட்டால் ஓல்டர்னேட்டரின் தடித்த கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு டயோட் (கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) கசிந்தால் இப்படித்தான் நடக்கும்.