மைக்கை அவர்கள் கையில் கொடுங்கள்

கே: தூர்தர்ஷனில் தேசிய விளையாட்டு விருது விழா பார்த்தோம். பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடுகிற என் மகள், "ஏம்மா, விருது வாங்கினவங்க யாருமே ஒரு வார்த்தை பேசல?" என்று கேட்டாள். வெளிநாட்டிலும் இப்படித்தானா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

ப: நல்ல கேள்விம்மா, எனக்குள்ளும் பல வருடமாக இருக்கிற கேள்வி. குடியரசுத் தலைவர் மாளிகையில் பெயரைக் கூப்பிடுவார்கள், சாதனையை வாசிப்பார்கள், விருதை வாங்கிக்கொண்டு ஒரு வணக்கம், அவ்வளவுதான். கம்பீரமான விழாதான். ஆனால் 2025 ஜனவரியில் சதுரங்க வீரர் குகேஷுக்கு நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னா கொடுத்தபோது, பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டன் பதக்கம் வென்ற நம் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூன்று பேருக்கும் அர்ஜுனா விருது கிடைத்ததே, அவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசியிருந்தால், விடிகாலைப் பனியில் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிற உங்கள் மகளுக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்!

அமெரிக்காவில் இஎஸ்பிஎன் சேனல் வருடாவருடம் எஸ்பி விருதுகள் என்று ஒரு விழா நடத்துகிறது. அங்கே ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு, ஆனால் மனசில் நிற்பது பேச்சுதான். 1993 மார்ச்சில் நடந்த முதல் விழாவில், ஜிம் வல்வானோ என்கிற கூடைப்பந்துப் பயிற்சியாளர், டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் பெயரிலான துணிச்சல் விருதை வாங்க மேடை ஏறினார். முற்றிப்போன புற்றுநோய். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னும் முப்பது விநாடிதான் என்று எதிரே திரையில் காட்டினார்கள். உடம்பெல்லாம் கட்டியோடு நிற்கிறேன், முப்பது விநாடியைப் பற்றியா கவலைப்படப் போகிறேன் என்று அதையும் மேடையிலேயே சொல்லிவிட்டுத் தொடர்ந்து பேசினார். தினமும் சிரியுங்கள், யோசியுங்கள், கண் கலங்குகிற அளவுக்கு எதற்காவது நெகிழுங்கள் என்றார், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஓர் அறக்கட்டளையையும் அங்கேயே அறிவித்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 47 வயதில் போய்விட்டார். அறக்கட்டளை இன்றும் நடக்கிறது.

அப்புறம் 2018. ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் ஒருவரின் பாலியல் கொடுமையை வெளியே சொன்ன பெண்கள், 140 பேருக்கு மேல், அதே துணிச்சல் விருதுக்காக மேடை நிறைய வந்து நின்றார்கள். அவர்கள் சார்பில் மூன்று பேர் பேசினார்கள். மகள் கொஞ்சம் பெரியவள் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காட்சியைக் காட்டுங்கள்.

நம் விழாவிலும் கேல் ரத்னா வாங்குகிறவர்களையாவது பேசவிடலாம், அவரவர் தாய்மொழியில்.

கே: எஸ்பி விழாவை ஏன் ஜூலையில் வைக்கிறார்கள்?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

ப: அப்போதுதான் எல்லோருக்கும் ஓய்வு. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி எதற்கும் அது சீசன் இல்லை, பேஸ்பாலும் நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடுகிற ஓர் ஆட்டத்துக்காகச் சில நாள் நிற்கும், அந்த இடைவெளியில் வைத்துவிடுகிறார்கள்.

கே: ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் ஆடுகிற யாருக்காவது கேல் ரத்னா கிடைத்திருக்கிறதா?
– ஒரு வாசகர், உதகை

ப: கேள்வி சரியான ஊரிலிருந்துதான் வந்திருக்கிறது! ஸ்னூக்கர் விதிகளை 1882-இல் எழுதி மாட்டியதே உங்கள் ஊட்டி கிளப்பில்தான். கேல் ரத்னாவை முதலில் வாங்கியவர் சதுரங்கத்தின் விஸ்வநாதன் ஆனந்த், அடுத்த வருடமே பில்லியர்ட்ஸ் வீரர் கீத் சேத்தி. பிறகு பங்கஜ் அத்வானியும் வாங்கினார். சச்சினுக்கு அது கிடைத்தது கீத் சேத்திக்குப் பல வருடம் கழித்துத்தான்.