வேக்குவம் பிரேக்கர் தலையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவது பற்றி

குளிர் முடிந்து ஸ்பிரிங்ளருக்குத் தண்ணீர் திறந்ததும், சுவரோரம் இருக்கும் வேக்குவம் பிரேக்கரின் (ஸ்பிரிங்ளர் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் வால்வு) தலையில் பீய்ச்சுதுன்னு சொல்றீங்க. அப்படின்னா கோளாறு அதில்தான், மண்ணுக்குள் இருக்கும் குழாயில் இல்லை; புல்வெளியைத் தோண்டவே வேண்டாம். திறந்தவுடன் சில நொடி கக்கிவிட்டு நின்றால் அது இயல்பு. நிற்கவே இல்லைன்னா, உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து (கன அளவு சுமார் 9% பெருகும்) பானெட்டையோ (உள்மூடி) பாப்பெட்டையோ (மேலும் கீழும் நகர்ந்து காற்று வழியை அடைக்கும் பாகம்) உடைத்திருக்கும். மெயின் வால்வை மூடிட்டு மேல்மூடியைக் கழற்றிப் பாருங்க. மாடல் எண்ணைச் சொல்லி ரிப்பேர் கிட் வாங்கினால் பெரும்பாலும் போதும். பித்தளை உடம்பிலேயே விரிசல் இருந்தால் மட்டும் முழுசா மாத்துங்க. எபாக்சி பசை பூசலாம்னு யாராவது சொன்னால் காதில் போட்டுக்காதீங்க.

அடுத்த குளிருக்கு முன் குழாயில் தங்கிய தண்ணீரை வெளியேற்ற கம்ப்ரசரால் ஊதும்போது, பாலித்தீன் குழாய் என்றால் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ தாண்ட வேண்டாம். ஊதி முடித்ததும் வேக்குவம் பிரேக்கரில் உள்ள இரண்டு பால் வால்வுகளையும் (உள்ளே துளையுள்ள உருண்டை சுழன்று திறந்து மூடும் வால்வு) 45 டிகிரியில் பாதி திறந்தே விடுங்க; முழுக்க மூடினால் உருண்டைக்குள் சிக்கிய நீர் உறைந்து அதையும் பிளந்துடும்.