பட்டியில் ஊசித்துளை: பிரைமர் அடிக்கும் முன்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சாரல் பிடித்துவிட்டால் கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து இதையேதான் கேட்கிறார்கள்: வண்டித் தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டியை (putty) தேய்த்த பிறகு ஊசி குத்தினது போல் ஓட்டை தெரிகிறது, என்ன செய்ய? வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்தே பதில் சொல்கிறேன்.

தென்காசியிலிருந்து: அண்ணாச்சி, மாருதி 800 கதவில் பட்டி பார்த்தேன். பத்துப் பதினைந்து துளை இருக்கிறது. டூகே பிரைமரை (இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து, பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சை) கெட்டியாக அடித்தால் அடைந்துவிடாதா?

அடையாது தம்பி. பிரைமர் துளையின் வாயில் பால் ஆடை போலத்தான் படியும். உள்ளே காற்றும் தின்னரும் மாட்டிக்கொள்ளும். பெயிண்ட் அடித்து வண்டியை வெயிலில் நிறுத்தினால் அந்த ஆடை கிழியும், இல்லையென்றால் உள்வாங்கிப் பள்ளம் விழும். அதனால் பட்டியிலேயே அடைத்துவிடு.

முதலில் கம்ப்ரசர் காற்றால் துளைகளை நன்றாக ஊது. இதைத்தான் நிறையப் பேர் செய்வதில்லை. தேய்த்த தூசி துளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அடைந்தது போலவே காட்டும். ஊதிப் பார், நீ எண்ணிய பதினைந்து முப்பதாகும். வாய் குறுகி உள்ளே அகலமாக இருக்கிற துளையைக் கத்தி நுனியால் கொஞ்சம் கீறி அகலப்படுத்து, அப்போதுதான் பட்டி உள்ளே இறங்கும். அப்புறம் ஹார்ட்னர் கலக்கிற ஃபைன் பட்டியைக் கொஞ்சமாகக் குழைத்து, பிளேடை அழுத்திப் பிடித்து ஒரு தடவை நெடுக்கே, ஒரு தடவை குறுக்கே இழு. மேலே நிற்கிற பட்டியை வழித்து எடுத்துவிடு, துளைக்குள் இருப்பது போதும். காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாளில் தேய்க்க ஆரம்பித்து 320-ல் முடி. மூக்கில் மாஸ்க் இல்லாமல் தேய்க்காதே.

புளியரையிலிருந்து: துளை விழாமலே போட முடியாதா?

பெரும்பாலும் முடியும். குழைப்பதில்தான் இருக்கிறது. முட்டை அடிக்கிற மாதிரி சுழற்றிக் கலக்கினால் காற்று உள்ளே போகும். பட்டியை மடித்து மடித்து, பலகையோடு அழுத்தித் தேய்த்துக் கலக்க வேண்டும். பலகை கண்ணாடியாகவோ தகடாகவோ இருக்கட்டும். அட்டைப்பெட்டித் துண்டில் கலக்கினால் பட்டியில் இருக்கிற ரெசினை அட்டை குடித்துவிடும்.

ஹார்ட்னர், 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவு. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. சாரல் குளிரில் சீக்கிரம் இறுகட்டும் என்று நானே ஒரு வேனுக்கு ஹார்ட்னரைக் கூட்டிப் போட்டிருக்கிறேன். துளையும் விழுந்தது, வெள்ளைப் பெயிண்டுக்கு மேலே கறையும் ஏறி வந்தது. அந்தப் பக்கம் முழுக்கச் சுரண்டி மறுபடி செய்தேன், வண்டிக்காரர் இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருந்தார். அதிலிருந்து ஹார்ட்னரைக் கண் மதிப்பில் போடுவதில்லை.

முதல் பூச்சு மெல்லியதாக, தகட்டோடு அழுந்தி இருக்க வேண்டும். பள்ளம் ஆழமென்றால் ஒரே அப்பாக அப்பாமல் இரண்டு மூன்று தடவையாக ஏற்றுங்கள்.

ஆரியங்காவிலிருந்து: இங்கே எப்போதும் மழை. தூசி பறக்காமல் தண்ணீர் போட்டுத் தேய்க்கலாமா?

பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். பட்டியில் டால்க் பொடி இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் பிரைமர் அடித்தால் பின்னாளில் பெயிண்ட் கொப்பளிக்கும், அடியில் தகடு துருப்பிடிக்கும். வாட்டர் பேப்பரை பிரைமர் காய்ந்த பிறகு எடுங்கள். காலையில் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று பிசுபிசுப்பாக இருந்தால் துடைத்து, ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கி, அப்புறம் பட்டியைத் தொடுங்கள்.

புனலூரில் பட்டறையில் இருக்கும் ஒரு தம்பி: ட்யூபில் வருகிற என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி போதுமா அண்ணே? எங்கள் மேஸ்திரி அதைத்தான் தருகிறார்.

மயிரிழைக் கீறலுக்குப் போதும், துளைக்கு வேண்டாம். அது தின்னர் பறந்து காய்கிற சரக்கு. காயக் காயச் சுருங்கும், டூகே பிரைமரின் தின்னர் பட்டால் மறுபடி இளகும். மேஸ்திரியிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்.

கடையநல்லூரிலிருந்து: எல்லாத் துளையும் அடைந்ததென்று எப்படித் தெரிந்துகொள்வது?

கருப்பு கைடு பவுடரைத் துணியால் பூசிவிட்டு 320-ல் லேசாகத் தேயுங்கள். தேய்ந்த இடம் வெளுக்கும், துளை மட்டும் கரும்புள்ளியாக நிற்கும். டியூப்லைட்டைக் கதவுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் விரல் தவறவிட்டதும் தெரியும்.

மறுபடி தென்காசி: பிரைமர் அடித்த பிறகு ஒரு துளை கண்ணில் பட்டால்?

பிரைமர் முழுதும் காயட்டும். அந்த இடத்தை 320-ல் தேய்த்து, துளையைத் திறந்து, ஃபைன் பட்டியை அழுத்திவிட்டுத் தேய்த்து, அங்கே மட்டும் மறுபடி பிரைமர் அடி. ஒன்றிரண்டு துளை என்றால் இப்படிச் சரிசெய்யலாம். கூட்டமாக இருந்தால் அந்தப் பட்டியையே எடுத்துவிடு.